தெரிந்த சொற்கள்

மார்கழி மாதத்தில் புதுச்சேரியில் கடிகாரத்துக்கு வேலை இல்லை. விடியற்காலை நாலரை மணிக்கு ஒலிபெருக்கி எழுப்பிவிடும். காந்தி வீதியில் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து திருப்பாவை வரும். அதே வீதியில் வேதபுரீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து திருவெம்பாவை வரும். இரண்டும் நடுவில் எங்கேயோ சந்தித்து, ஒன்றையொன்று பாதி விழுங்கிவிட்டு, என் ஜன்னல் வழியாக உள்ளே நுழையும். சிறிது நேரம் கழித்து மிஷன் வீதியிலிருந்து சம்பா கோயில் மணியும் சேர்ந்துகொள்ளும். பல வருஷங்களாக அரைத் தூக்கத்தில் இப்படிக் கேட்டுக் கேட்டு, இந்தப் பாட்டுகளெல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு உண்டாகியிருந்தது. போன மார்கழியில் அந்த நினைப்பு போய்விட்டது.

போக்கியவள் என் அண்ணன் மகள். ஏழாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் திருப்பாவை ஒப்புவிக்கும் போட்டி வைத்திருந்தார்கள். முப்பது பாட்டையும் என் அம்மாவிடம், அதாவது அவளுடைய ஆயாவிடம், பாடம் கேட்டு நெட்டுருப் போட்டுவிட்டாள். ராகம் சரியாக இருந்தது, உச்சரிப்பும் மோசமில்லை. ஒரு நாள் சாயங்காலம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“சித்தப்பா, துளசி நல்லாத்தானே மணக்கும்? அதைப் போய் ஆண்டாள் ஏன் நாற்றம்னு சொல்றாங்க?”

சொன்னேன். “சரி, எருமை மாட்டை யாராவது ‘மேய்வான்’னு சொல்வாங்களா? ‘மேயும்’னுதானே சொல்லணும்?” என்றாள். அதற்கும் ஏதோ சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சிறுவீடுன்னு ஒரு இடத்திலே வருது. அங்கே வந்தாலே பசங்க எல்லாம் சிரிக்கிறாங்க” என்றாள். சின்ன வீடு என்ற பேரில் 1985இல் ஒரு சினிமாவே வந்த தேசத்தில், பையன்கள் சிரிப்பதற்கு நான் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

அவள் கையில் இருந்தது மார்கழி தோறும் கடைகளில் தொங்கும் மெல்லிய பிரசுரங்களில் ஒன்று. ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில் அருஞ்சொற்பொருள் போட்டிருந்தார்கள். வாங்கிப் பார்த்தேன். துழாய் என்றால் துளசி என்று இருந்தது. நாற்றம் என்பதற்கு ஒன்றும் இல்லை. மேய்வான், சிறுவீடு எதற்கும் ஒன்றும் இல்லை. அருஞ்சொல்லுக்குத்தானே பொருள் வேண்டும், இவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள்தானே என்று பதிப்பித்தவர் நினைத்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். பழைய பாட்டில் வருகிற தெரியாத சொல்லால் நமக்குப் பெரிய கெடுதல் எதுவும் கிடையாது. அது வாசலில் நின்று, என்னை யார் என்று விசாரித்துவிட்டு உள்ளே விடு என்று சொல்கிறது. நாமும் அகராதியையோ பெரியவர்களையோ கேட்கிறோம். தெரிந்த சொல் அப்படி நிற்பதில்லை. பழகிய முகத்தோடு நேரே கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அதற்கு வேறே குணம் இருந்தது என்பது யாருக்கும் தோன்றாது. சி. எஸ். லூயிஸ் என்ற ஆங்கில ஆசிரியர் 1960இல் சொற்களைப் பற்றி எழுதிய ஒரு புத்தகத்தில், இன்றைக்கு ஓங்கி நிற்கிற பொருளுக்கே ‘ஆபத்தான பொருள்’ என்று பேர் வைத்தார். பழைய நூலில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் முந்திக்கொண்டு ஓடி வருவது அந்தப் பொருள்தான் என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியென்றே படுகிறது. நான் பண்டிதன் இல்லை. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு கதை எழுத வந்தவன். ஆனால் சொல்லை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இது விளையாட்டான விஷயம் இல்லை.

நாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். நாறுதல் என்றால் மணம் வீசுதல். மொட்டுக்குள் அடங்கியிருக்கிற மணத்தைச் சொல்ல வள்ளுவர் இந்தச் சொல்லைத்தான் எடுத்தார். கடவுளின் நுட்பத்தைச் சொல்ல மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் இதையே எடுத்தார். ஆண்டாள் ஆயர் பெண்ணாகத் தன்னை நினைத்துக்கொண்டு பாடியதை வியக்கிற வைஷ்ணவ உரைக்காரர்கள், அவளிடம் பால் தயிர் வாடையும் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘முடைநாற்றம்’ என்கிறார்கள். அதாவது அந்த நாளில் கெட்ட வாடையைச் சொல்ல வேண்டுமானால் நாற்றத்துக்கு முன்னால் ஒரு ‘முடை’ போட வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த அடைமொழி தேவையில்லை. சொல்லே அதை விழுங்கிவிட்டது. இதில் நாற்றம் என்ற சொல்லின் தலையெழுத்து மட்டும் இல்லை. மூக்கைப் பற்றிய சொற்களே இப்படித்தான் கீழே இறங்குகின்றன போலிருக்கிறது. ‘ஸ்மெல்’ என்ற இங்கிலீஷ் வார்த்தை நம் வீடுகளுக்குள் வந்து எத்தனை காலம் ஆகிவிட்டது? அதற்குள் ‘ஸ்மெல் அடிக்குது’ என்றால் மல்லிகைப் பூ என்று யாரும் எண்ணுவதில்லை.

எருமை விஷயம் இலக்கண விஷயம். ‘வான்’ என்று முடிகிற வினையெச்சம் ஒன்று தமிழில் இருந்தது. மேய்வான் என்றால் மேய்வதற்காக என்று பொருள். திருப்பாவையிலேயே சங்கிடுவான் என்று ஒரு சொல் வருகிறது. சங்கு ஊதுவதற்காக என்று அர்த்தம். பேச்சிலிருந்து அந்த வடிவம் போய்விட்டது. ‘அவன் மேய்வான்’ என்கிற வினைமுற்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆகவே எருமைக்கு ஆண்பால் வந்துவிட்டதே என்று குழந்தை கேட்கிறாள். கேட்டது நியாயம். இன்னொரு பாட்டில் கற்றுக்கறவை என்று வருகிறது. கன்றோடு கூடிய கறவை மாடு என்பது பொருள். எங்கள் வீட்டில் அது கொஞ்ச நாள் ‘படித்த பசு’வாக இருந்தது.

சிறுவீடு இவற்றையெல்லாம் விட அழகான சொல். விடியற்காலையில், பால் கறப்பதற்கு முன்னால், பனி படிந்த புல்லைக் கொஞ்சம் மேய்ந்துவிட்டு வரட்டும் என்று எருமைகளை அவிழ்த்துவிடுகிற வழக்கம் இருந்தது. அதற்குச் சிறுவீடு என்று பெயர். வீடு என்றால் விடுதல். அறம், பொருள், இன்பம், வீடு என்று சொல்கிறோமே, அந்த வீடும் இதுதான். கட்டிப்போட்ட எருமையை அரை நாழிகை அவிழ்த்துவிடுவதற்கும், கட்டுண்ட உயிரை ஒரேயடியாக அவிழ்த்துவிடுவதற்கும் ஒரே சொல். ஒன்று சின்ன விடுதலை, மற்றது பெரிய விடுதலை. மோட்சத்துக்கு இதைவிட எளிய உவமானம் எந்த வேதாந்தப் புத்தகத்திலாவது இருக்குமா என்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். அறுபது வருஷமாக அவள் சிறுவீடு என்றால் எருமை கட்டுகிற சின்னக் கொட்டகை என்றே நினைத்துப் பாடி வந்திருக்கிறாள். அதனால் அவளுடைய பக்திக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் ஆண்டாள் அவளுக்காக வைத்திருந்த ஒரு சின்னப் பரிசு அறுபது வருஷமாகப் பிரிக்கப்படாமலே இருந்திருக்கிறது.

எல்லாச் சொல்லும் கீழேதான் இறங்குகிறது என்று சொல்லிவிட முடியாது. கோயில் என்பது கோவின் இல், அரசன் வீடு. அது தெய்வத்தின் வீடாக மேலே போயிற்று. திருப்பாவையில் இரண்டு பொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன: 14ஆம் பாட்டில் துறவிகள் போவது தெய்வத்தின் கோயிலுக்கு, 16ஆம் பாட்டில் வாயில் காப்பவனைக் கூப்பிட்டுப் பெண்கள் கதவைத் திறக்கச் சொல்வது நந்தகோபனின் மாளிகையில். அவசரமாகப் பாடுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் ஊரில் அந்தச் சொல் இன்னும் ஒரு படி தாண்டிச் சென்று, புனித பவுலின் பெயரையும் சேர்த்துக்கொண்டு சம்பா கோயிலாக நிற்கிறது. பள்ளி என்ற சொல்லின் பிரயாணம் இதைவிட நீளம். படுக்கை, சமண முனிவரின் இருப்பிடம், பள்ளிக்கூடம், பள்ளிவாசல் என்று அது வராத இடமில்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரும் மாணிக்கவாசகரும் திருப்பள்ளியெழுச்சி பாடினார்கள். பாரதியார் பாரத மாதாவுக்கே ஒன்று பாடினார். மூன்றும் படுக்கையிலிருந்து எழுப்புகிற பாட்டுகள். குழந்தைகள் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற பாட்டு என்று எடுத்துக்கொள்கின்றன. மார்கழிக் குளிரில் அவர்கள் கண்ட அனுபவம் அது.

தேவாரத்தில் இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். திருவையாற்றில் கயிலைக் காட்சி கண்டு அப்பர் பாடிய பதிகம் ‘மாதர்’ என்ற சொல்லோடு தொடங்குகிறது. அங்கே மாதர் என்றால் பெண்கள் இல்லை, அழகு. அடுத்து வருகிற ‘கண்ணி’ கண்ணும் இல்லை, பறவை பிடிக்கிற வலையும் இல்லை. தலையில் சூடுகிற மாலை. சிவன் பிறையை மாலையாகச் சூடியிருக்கிறான் என்கிறார் அப்பர். இதைப் பிறை போன்ற கண்ணுடைய பெண்களாக மாற்றிவிட்டு உருகுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தி. வே. கோபாலய்யர் இந்தப் புதுச்சேரியில் உட்கார்ந்து பிரெஞ்சு நிறுவனத்துக்காகத் தேவாரத்தை ஆராய்ந்து பதிப்பித்து, 1984இல் அதன் முதல் தொகுதி வெளிவந்தது. அப்படிப்பட்ட உழைப்பு நடந்த ஊரிலேயே, தெருவில் பாடுகிறவன் கைக்கு அதில் ஒரு துளி கூட வந்து சேரவில்லை என்பது வருத்தமான சங்கதி.

பொருள் எதற்கு, ஓசை போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஓசை போதும் என்பதற்கு அவர்கள் பாங்காக்கையே சாட்சியாகக் காட்டலாம். அங்கே அரச பிராமணர்கள் நடத்துகிற சடங்கு ஒன்றுக்குத் ‘திரியம்பவாய்’ என்று பெயர், திருவெம்பாவைதான் அது. அந்தச் சடங்கைச் சேர்ந்த பெரிய ஊஞ்சல் ஆட்டம் 1935இல் நின்றுவிட்டது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. பரம்பரை பரம்பரையாக அர்த்தம் ஒன்றும் தெரியாமல் தமிழை அவர்கள் ஓதி வந்திருக்கிறார்கள். மெய்சிலிர்க்க வைக்கிற செய்திதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாங்காக்கில் பொருள் முழுவதும் போய்விட்டது. ஆகவே தப்புப் பொருள் நுழைய வழி இல்லை. நமக்குப் பாதி தெரிகிறது. அந்தப் பாதிதான் வம்பு.

வேறு சிலர், பழைய சொல்லை எடுத்துவிட்டுப் புதுச் சொல்லைப் போட்டுவிட்டால் போகிறது என்பார்கள். வெள்ளைக்காரர்கள் அதைச் செய்து பார்த்தவர்கள். 1611இல் ஜேம்ஸ் அரசன் காலத்தில் வந்த ஆங்கில பைபிளில் ‘லெட்’ என்ற சொல் சில இடங்களில் தடு என்ற பொருளில் வருகிறது. இன்றைக்கு அதற்கு விடு என்று பொருள். நேர் எதிர். பிற்கால மொழிபெயர்ப்புகளில் அப்படிப்பட்ட சொற்களை மாற்றிவிட்டார்கள். எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்களும் அந்த வழியில் போனவர்கள்தான். 1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு லத்தீன் பூசை தமிழுக்கு வந்தது, தமிழும் மாறிற்று. சர்வேசுரன் போய்க் கடவுள் வந்தார். பூசை போய்த் திருப்பலி வந்தது. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. போர்த்துகீசிய வாசனையோடு இருந்த இஸ்பிரீத்து சாந்து பரிசுத்த ஆவியாகி, பிறகு தூய ஆவியாகிவிட்டார். இட்லிப் பானையிலும் பேய்க் கதையிலும் வருகிற சொல் அது என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மாற்றியது தப்பு என்று சொல்ல மாட்டேன். புரிந்து கும்பிட வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது அவருடைய பேரன் பக்கத்தில் உட்கார்ந்து புது ஜெபத்தைச் சொன்னான். கிழவர் கையை அசைத்து நிறுத்திவிட்டு, பழையதை முணுமுணுக்க ஆரம்பித்தார். அதைக் கூடச் சேர்ந்து சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு சொல்லை எடுத்தால் அதோடு எத்தனை பேருடைய வாழ்க்கை பெயர்ந்து வருகிறது என்பது எடுக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. அதோடு, ஆண்டாளின் நாற்றத்தை எடுத்துவிட்டு நறுமணம் என்று போட்டால் யாப்பு கெடும். யாப்பைச் சரிக்கட்டினால் ஆண்டாள் கெட்டுவிடுவாள். பாட்டைத் தொடாமல் பாடுகிறவனுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான் வழி.

இவ்வளவும் சொன்ன பிறகு, இது என்ன பெரிய நஷ்டம், எருமையும் துளசியும்தானே என்று வாசகர் கேட்கலாம். போட்டி நடந்த அன்றைக்கு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அண்ணன் மகள் நன்றாகவே ஒப்புவித்தாள். முடிந்ததும் நடுவராக வந்திருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: பறை என்றால் என்ன? இவள் மேளம் என்று சொன்னாள். “மேளம் இல்லை, வரம். அப்படியெல்லாம் சொல்லக் கூடாது” என்றாராம் அவர். மார்க்கு குறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அழவில்லை; ஆனால் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்: “மேளம்தானே சித்தப்பா? ஏன் சொல்லக் கூடாது?”

மேளம்தான். திருப்பாவையில் முதல் பாட்டிலிருந்து முப்பதாவது பாட்டு வரை அந்தப் பெண்கள் கேட்டுக்கொண்டு போவது பறையை. நோன்புக்கு முழக்குகிற வாத்தியம் அது. ஊராருக்குச் சொல்லிக்கொள்ள அது ஒரு சாக்கு, அவர்கள் உள்ளத்தில் வேண்டியது கண்ணனுக்குத் தொண்டு செய்வது என்று உரைக்காரர்கள் விளக்கினார்கள். அந்த விளக்கத்துக்கு ஆதாரம் 29ஆம் பாட்டில் இருக்கிறது. இந்தப் பறையை வாங்கிக்கொண்டு போவதற்காக நாங்கள் வரவில்லை என்று அங்கே பெண்களே சொல்லிவிடுகிறார்கள். அந்த இடத்தில் வருகிற ‘கொள்வான்’ என்பதும் நமது எருமையின் ‘மேய்வான்’ போன்ற வினையெச்சம்தான். அதைப் புரிந்துகொள்ளாதவனுக்குத் திருப்பாவையின் சிகரமே புரியாது. ஆனால் உட்பொருள் தொண்டு என்றால் வெளிப்பொருள் மேளம் இல்லாமல் போய்விடுமா? மேளம் என்று ஒன்று இருந்தால்தானே அது வேண்டாம் என்று சொல்ல முடியும்?

பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளிகள் இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஊருக்குச் செய்தி சொன்ன வாத்தியத்துக்கும் அதே பேர். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம் இவற்றோடு பறையையும் எண்ணுகிறார். புறநானூற்றில் மாங்குடி கிழார் உயர்வாக எண்ணுகிற நான்கு குடிகளில் பறை முழக்குகிறவரின் குடியும் ஒன்று. பிறகு நாம் அந்த வாத்தியத்தின் பெயரை ஒரு ஜாதியின் பெயராக்கி, அந்த ஜாதியை ஊருக்கு வெளியே நிறுத்தி, கடைசியில் பெயரையே வசவாக்கினோம். அந்த வசவு போர்த்துகீசியர் வழியாகக் கடல் தாண்டிப் போயிற்று. பிரெஞ்சில் அது ‘பாரியா’ ஆனது. 1821இல் கசிமிர் தெலவீஞ் என்பவர் பாரிஸில் அதே தலைப்பில் ஒரு நாடகம் போட்டார். எல்லாராலும் தள்ளப்பட்டவன் என்பதற்கு இன்றைக்கும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அதுதான் சொல். ஆண்டாள் விடியற்காலையில் நீராடிவிட்டு வரமாகக் கேட்ட சொல் உலகத்துக்கு நாம் கொடுத்த வசவாகப் போய்ச் சேர்ந்தது. துழாயின் நாற்றம் கெட்டதற்கு யாரும் பொறுப்பில்லை, காலம் பொறுப்பு. பறைக்கு அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

எனக்கும் இந்தக் கேள்வி ஒரு காலத்தில் உண்டு. ஏழெட்டு வயசிருக்கும். எதிர் வீட்டில் சாவு. தெருக்கோடியில் நின்று பறை அடித்தார்கள், தெருவுக்குள் வரவில்லை. மறுநாள் விடியற்காலை அம்மா விளக்கேற்றிவிட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். “பறைன்னா என்னம்மா?” என்று கேட்டேன்.

“வரம்டா.”

“நேத்து அடிச்சாங்களே, அது?”

“அது வேறே, இது வேறே.”

அதோடு பேச்சு முடிந்தது. நடுவராக வந்தவரும் இதைத்தான் சொல்லியிருக்கிறார். என் அம்மாவும் அவரும் நல்லவர்கள். பாட்டின் புனிதத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் இருவரும் அப்படிச் சொன்னார்கள். ஆனால் பாட்டில் இருக்கிற ஒரு சொல்லைப் பாட்டிலிருந்து காப்பாற்றுவது என்ன பக்தி? அது வேறே இல்லை. தெருக்கோடியில் நின்றதும், பாட்டுக்குள் இருப்பதும் ஒரே சொல். இன்றைக்குப் படித்த பையன்களும் பெண்களும் விரும்பிப் பறை கற்றுக்கொண்டு மேடையில் அடிக்கிறார்கள். அவர்கள் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டு அதை விடவே இல்லை, பாடினவர்கள்தான் விட்டோம்.

அடுத்த மார்கழிக்குப் புத்தகம் போடுகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடினமான சொற்களுக்குப் பொருள் எழுத உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். எளிய சொற்களுக்கு எழுதுங்கள். நாற்றம்: மணம். மேய்வான்: மேய்வதற்காக. சிறுவீடு: சிறிது நேரம் அவிழ்த்து விடுதல். பறை: மேளம். அதற்குப் பிறகு தொண்டு, கைங்கரியம் என்று எவ்வளவு வேண்டுமானாலும் விளக்குங்கள். ஆனால் மேளம் என்று முதலில் அச்சாகட்டும்.

அண்ணன் மகளுக்கு இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். “மார்க்கு திரும்பி வருமா?” என்று கேட்டாள். வராது என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை வழக்கம் போலப் பாடினாள். 29ஆம் பாட்டுக்கு வந்தபோது குரல் கொஞ்சம் மெதுவாகப் போன மாதிரி எனக்குத் தோன்றியது. வெளியே ஒலிபெருக்கி சத்தத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.